சுக்கான் கொண்டி ஆடுகிறது, பெரிய ஸ்க்ரூ போட்டால் நிற்குமா?

ஈரக்கயிறு:
என்னுடையது 14 அடி ஃபைபர் பாய்மரப் படகு, சுக்கான் பின்பலகைக்கு வெளியே தொங்கும் வகை. போன வாரம் காற்று கொஞ்சம் கூடியதும் டில்லரில், அதாவது சுக்கானைத் திருப்பும் கைப்பிடியில், டக் டக் என்று ஒரு தட்டல். கரைக்கு வந்து பார்த்தால் சுக்கானைத் தாங்க படகுப் பக்கம் இருக்கிற கீழ் வளையம், அதான் கட்ஜியன், கையால் தொட்டாலே ஆடுகிறது. நான்கு ஸ்க்ரூவில் இரண்டு சும்மா சுற்றுகின்றன, ஒன்றைக் கழற்றியதும் துளையிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் வழிந்தது. புது செட் வாங்கிவிட்டேன், ஆனால் அதன் துளைகள் பழையவற்றோடு பொருந்தாமல் கொஞ்சம் தள்ளி நிற்கின்றன. பழையதில் சிலிகான் அடைத்துவிட்டுப் பக்கத்தில் புதிதாகத் துளை போடலாமா, இல்லை பெரிய ஸ்க்ரூவாகப் போட்டு முறுக்கிவிடவா?

பழையபாய்:
இரண்டுமே வேண்டாம். அந்தப் பழுப்புத் தண்ணீர்தான் உங்கள் பிரச்சினை, ஸ்க்ரூ இல்லை. ஃபைபருக்கு நடுவில் இருக்கிற பலகை ஊறிப்போயிருக்கிறது, அதில் எவ்வளவு பெரிய ஸ்க்ரூ போட்டாலும் ரெண்டு தடவை கடலுக்குப் போய் வருவதற்குள் மறுபடி ஆடும். ஸ்பூன் காம்பால் பின்பலகை முழுக்கத் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்கிற இடம் நல்ல இடம், பொத்தென்று கேட்டால் அங்கே உள்ளே ஈரம். நன்றாகக் காய்ந்த பிறகு பழைய துளையையும் புதிதாகப் போட வேண்டிய துளையையும் 10 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கி, கெட்டியாகக் குழைத்த எபாக்சியால் (இரண்டு பாகம் கலந்து இறுகும் பிசின்) நிரப்பி, இறுகியதும் அதன் நடுவில் 6 மி.மீ. துளை போடுங்கள். அப்புறம் தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. ஸ்க்ரூவை மறந்துவிட்டு ஊடுருவிப் போகிற போல்ட், உள்பக்கம் ஒரு தகடு, நைலான் வைத்த நட். உள்ளே கை போகாவிட்டால் ஒரு சோதனை மூடி, அதாவது திறந்து மூடுகிற சின்ன வாய், வைத்தாவது போடுங்கள். சிலிகானைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள், அது பட்ட இடத்தில் பிறகு எபாக்சிகூட ஒட்டாது. கசிவை அடைக்க பாலிசல்ஃபைடு சீலன்ட் நல்லது. இறுக்கும்போது போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் சுற்றுங்கள், தலை சுற்றினால் போட்ட சீலன்ட் பிய்ந்துவிடும்.

சின்னநங்கூரம்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் துளை போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நான் கண்ணால் பார்த்தே குறி வைத்து மாட்டினேன். சுக்கான் உள்ளே இறங்கியது, திரும்பவும் திரும்பியது, என்ன, சற்று இறுக்கமாக இருந்தது, புதுசு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்த சீசன் முடிவில் கழற்றினால் கீழ் முளை, அதாவது வளையத்துக்குள் இறங்குகிற சுக்கான் பக்கத்து ஊசி, ஒரு பக்கமாகத் தேய்ந்து பிறை மாதிரி இருந்தது. இரண்டு வளையமும் ஒரே நேர்கோட்டில் இல்லை, அவ்வளவுதான் விஷயம். முளை பருமனில் நேரான கம்பி ஒன்றை இரண்டு வளையத்திலும் கோத்து, அது தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் குறி போடுங்கள்.

ஈரக்கயிறு:
நன்றி, நல்லவேளை கேட்டேன். கையில் இருக்கிற பழைய போல்ட் சில மேலே பளபளவென்றுதான் இருக்கின்றன, ஸ்டெயின்லெஸ்தான், அவற்றையே போடலாமா?

பழையபாய்:
கழுத்துப் பகுதியைப் பாருங்கள், பலகைக்குள் புதைந்திருந்த இடம். காற்றுப் படாமல் ஈரத்திலேயே கிடந்தால் ஸ்டெயின்லெஸும் அங்கேதான் அரிக்கும், தலை மட்டும் புதுசு மாதிரி இருக்கும். 316 என்ற ரக ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கிப் போடுங்கள். மரையில் துளி கிரீஸ் தடவி, மெதுவாகக் கையால் முறுக்குங்கள், மெஷினில் வேகமாக விட்டால் நட் பாதியிலேயே பற்றிக்கொண்டு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

சின்னநங்கூரம்:
கீழ் முளை மேல் முளையைவிடக் கொஞ்சம் நீளமா என்றும் பாருங்கள். தண்ணீரில் ஆடிக்கொண்டே மாட்டும்போது முதலில் கீழே கோத்துவிட்டு மேலே நிதானமாகத் தேடலாம், ஒரே நீளமென்றால் இரண்டையும் ஒன்றாகக் குறி பார்ப்பது பெரிய பாடு. சுக்கான் மேலே எழும்பாமல் பிடிக்கிற கிளிப்பையும் மறக்காதீர்கள். கவிழ்ந்தால் படகு ஒரு பக்கம், சுக்கான் ஒரு பக்கம் போகும், எனக்குப் போயிருக்கிறது.

ஈரக்கயிறு:
ஸ்பூன் வைத்துத் தட்டினேன். கீழ் வளையத்தைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பொத் பொத். துளையைப் பெரிதாக்கியதும் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி மரம் வந்தது. நல்ல மரம் தட்டுகிற வரை சுரண்டிவிட்டு, பின்பலகைக்கு விளக்கு வைத்து இன்றோடு மூன்று நாள், இன்னும் விரலில் ஈரம் ஒட்டுகிறது.