கம்யூனிஸ்ட் தலைவர் தா.பா.வின் (தா.பாண்டியன்) பழைய கட்சியான ஐக்கிய கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?

பெரம்பூர்க்காரன்:
1989 நாடாளுமன்றத் தேர்தல் சமயம் நான் ஏழாவது படித்தேன். அப்பா மில் தொழிலாளி, இந்திய கம்யூனிஸ்ட் கட்சி சார்ந்த ஏஐடியுசி தொழிற்சங்கத்து ஆள். ஒருநாள் காலையில் அவருடைய பழைய தோழர் ஒருவர் வாசலில் நிற்கிறார், தோளில் சிவப்புத் துண்டு, கையில் நோட்டீஸ், நோட்டீஸில் கை சின்னம்! வடசென்னையில் தா.பாண்டியன் காங்கிரஸ் சின்னத்தில் நின்றார், அப்போது அவர் ஐக்கிய கம்யூனிஸ்ட் கட்சி. அப்பா நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன தோழர், துண்டு ஒண்ணு, சின்னம் வேற ஒண்ணா இருக்கே?" என்றார். வந்தவர் கோபப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்து நெருக்கடி நிலை, கட்சியின் பட்டிண்டா மாநாடு, மூத்த தலைவர் டாங்கே என்று ஒரு மணி நேரம் பேசினார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: 1978இல் நடந்த அந்த மாநாட்டுக்கு அப்புறம் தாய்க்கட்சியான இந்திய கம்யூனிஸ்ட் கட்சி காங்கிரஸை விட்டு விலகிப் போனது, டாங்கேவுக்கு அது பிடிக்கவில்லை, 1981இல் அவரையே கட்சியை விட்டு நீக்கினார்கள். ஆரம்ப காலத்திலிருந்து இருந்த மனுஷனை! அவர் பக்கம் நின்றவர்கள்தான் தா.பா.வும் இந்தத் தோழரும். தா.பா. ஜெயித்தார். அப்பா யாருக்குப் போட்டார் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

ராயபுரம் வாசி:
எங்கள் தெருவில் அவர்கள் மொத்தமே நாலு பேர். கிளை அலுவலகம் என்றால் சலூன் பெஞ்சுதான். 1991 மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தபோது, ராஜீவ் பேச்சை மொழிபெயர்க்கப் போயிருந்த தா.பா.வுக்கும் காயம். அவர் பிழைப்பாரா என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே, மறுநாள் மும்பையில் டாங்கே இறந்துவிட்டார். ஊரே ராஜீவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நாலு பேரும் சலூன் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள், யாருக்காக அழுகிறார்கள் என்று கேட்கக்கூட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. ஜூனில் நடந்த தேர்தலில் தா.பா. மறுபடியும் ஜெயித்தார், ஆனால் அந்த பெஞ்சு பழைய மாதிரி களைகட்டவில்லை.

பெரம்பூர்க்காரன்:
சலூன் என்றதும் ஞாபகம் வருகிறது. பிற்பாடு தா.பா. தாய்க்கட்சிக்கே திரும்பி, மாநிலச் செயலாளராகவும் ஆகிவிட்டாரே, எங்கள் வீட்டுக்கு வந்த தோழர் மட்டும் திரும்பவில்லை. "தலைவர் போயிடலாம், ஊரெல்லாம் வாதாடினவன் நான், எந்த மூஞ்சியோட போறது?" என்பார். ஆனாலும் மே தினத்துக்கு அப்பா கொடியேற்றும் இடத்துக்குத் தவறாமல் வருவார். ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, கொடி மேலே போனதும் முஷ்டியை உயர்த்துவார். மிட்டாய் வாங்க மட்டும் இந்தப் பக்கம் வருவார். அப்பா அவருக்கென்று இரண்டு எடுத்து வைத்திருப்பார்.