உடம்பு வலிக்குக் கனமான போர்வை: நம் ஊர்ப் புழுக்கத்தில் சரிவருமா?

கலா, காலடிப்பேட்டை

வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறேன். வயது 46, எடை 58 கிலோ. வீட்டிலேயே தையல் தொழில். ஸ்கூல் திறக்கும் நேரத்தில் சீருடை ஆர்டர் வந்தால் ராத்திரி வரை மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாது.

சில வருடங்களாகவே கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று இடம் மாறி மாறி வலிக்கிறது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் சரியாகவே வந்தன. கடைசியில் ஒரு டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லி, நரம்பு வலிக்குக் கொடுக்கும் ப்ரீகாபலின் மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. படுத்தால் காலை எங்கே வைப்பது, கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்பதால் வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

துபாயில் இருக்கும் தம்பி வெயிட்டட் பிளாங்கெட் என்று, வேண்டுமென்றே கனம் ஏற்றித் தைத்த போர்வை ஒன்று வாங்கியிருக்கிறான். ஏழு கிலோ எடையாம். போர்த்தினால் யாரோ அணைத்துப் பிடித்த மாதிரி இருக்கிறது, உடனே தூங்கிவிடுகிறேன் என்கிறான். அவனுக்கு ஏசி ரூம். எனக்கு மொட்டை மாடிக்குக் கீழ் வீடு, ஒரே ஒரு ஃபேன். ஆன்லைனில் பார்த்தால் 5,500 ரூபாய் போட்டிருக்கிறார்கள். அது எனக்கு ஒரு மாத மளிகைக் காசு.

வலி குறையுமா? இந்தப் புழுக்கத்தில் போர்த்த முடியுமா? அம்மாவுக்கு 70 வயது, சர்க்கரை இருக்கிறது, பாதம் எரிகிறது என்பார். வாங்கினால் அவரும் போர்த்திக்கொள்ளலாமா? அக்கா மகளின் இரண்டு வயதுக் குழந்தையும் பாதி நாள் என் பக்கத்தில்தான் படுக்கும். உபயோகித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

எண்ணூர் ஷிப்ட்காரன்

அக்கா, நான் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவன். போன வருடம் ஒன்று வாங்கினேன். மேல் துணி பாலியஸ்டர், தொட்டால் பூனை ரோமம் மாதிரி மெத்தென்று இருக்கும். ஏப்ரல் வந்ததும் முதுகு முழுக்க வேர்க்குரு. மார்பின் மேல் கனம் ஏறினால் எனக்கு மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு பயமும் வந்தது. சித்தப்பா மகன் பெங்களூரில் இருக்கிறான், அவனிடம் கொடுத்துவிட்டேன். அங்கே குளிருக்கு அவனுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. வாங்கத்தான் வேண்டும் என்றால் பருத்தித் துணியாகப் பாருங்கள்.

ராயபுரம் நர்ஸம்மா

கலா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் வலி நிஜமான வலி. நான் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ரிப்போர்ட் நார்மல் என்ற ஒரே காரணத்துக்காக வீட்டுக்காரர்களால் நம்பப்படாமல் அழுதுகொண்டே வந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபைப்ரோமயால்ஜியாவில் எலும்பும் மூட்டும் எக்ஸ்ரேயில் நன்றாகவே இருக்கும். மூளையும் நரம்பு மண்டலமும் வலிச் செய்தியைப் பெருக்கிக் காட்டுவதுதான் கோளாறு. ரத்தப் பரிசோதனை செய்வது வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யத்தான். இதை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது உரக்கப் படித்துக் காட்டு.

இப்போது போர்வை. எனக்கும் இடுப்பு டிஸ்க் தொந்தரவு வெகுகாலமாக உண்டு, நானும் ஒன்று வைத்திருக்கிறேன். என் அனுபவமும் நான் படித்ததும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: வலியின் கடுமையை அது இறக்கிவிடாது. வலியோடு படுத்திருக்கும்போது வருகிற தவிப்பை, புரண்டுகொண்டே இருப்பதைத்தான் குறைக்கும். அந்தத் தவிப்பு அடங்கினாலே தூக்கம் வந்துவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படித்தான்.

2021இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தார் நாள்பட்ட வலி உள்ள 94 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு ஏறக்குறைய 7 கிலோ போர்வை, மறுபாதிக்கு 2 கிலோ சொச்சம். ஒரு வாரம் உபயோகித்த பிறகு கேட்டபோது, கனமான போர்வைக்காரர்கள் தங்கள் வலியை மொத்தத்தில் முன்பைவிடத் தாங்கக்கூடியதாக உணர்ந்தார்கள். ஆனால் வலி எத்தனை மார்க் என்று கேட்டால் அந்த மார்க் குறையவில்லை. இயல்பிலேயே பதற்றம் அதிகம் உள்ளவர்களுக்குத்தான் பலன் கூடுதலாக இருந்தது. விளம்பரத்தில் இந்தப் பாதியைச் சொல்லமாட்டார்கள்.

தூக்கத்துக்கு இதைவிட நல்ல செய்தி இருக்கிறது. 2020இல் ஸ்வீடனில் மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றோடு தூக்கமின்மையும் இருந்த 120 பேரை நான்கு வாரம் கவனித்தார்கள். கனமான போர்வை கிடைத்தவர்களில் 100க்கு 59 பேருக்குத் தூக்கமின்மை அளவு பாதியாகவோ அதற்கும் கீழோ இறங்கியது. லேசான போர்வைக்காரர்களில் 100க்கு 5 பேர்தான். பெரிய வித்தியாசம். ஆனால் தன் மேல் கிடப்பது கனமா லேசா என்று போர்த்தியவருக்கே தெரிந்துவிடும் இல்லையா, அதனால் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்புறம், அது ஸ்வீடன். நம்முடையது ராயபுரமும் காலடிப்பேட்டையும்.

எப்படி வேலை செய்கிறது என்றால், முழங்கை இடித்தால் உடனே தேய்த்துவிடுகிறோமே, அந்த வழிதான் என்று ஒரு விளக்கம். தொடு உணர்ச்சி தண்டுவடத்தில் போய்ச் சேரும்போது வலிச் செய்தி மேலே ஏறுவதை ஓரளவு தடுக்கிறது. மெல்ஸாக், வால் என்ற இருவர் 1965இல் சொன்ன கருத்து. பரவலான அழுத்தம் உடலை அமைதிப்படுத்துகிறது என்பது இன்னொரு விளக்கம்.

புழுக்க விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நமக்கு இதுதான் பெரிய தடை. தூக்கம் வரவேண்டுமானால் உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். நம் கடற்கரைப் பக்கம் காற்றிலேயே ஈரம், வியர்வை காயாது. அதன்மேல் உடம்பு முழுக்க ஏழு கிலோவை மூடினால் வெப்பம் எங்கே போகும்? கத்திரி வெயில் காலத்தில் கரண்டும் போய்விட்டால் சித்திரவதை. எனவே நான் முழு உடம்புக்குப் போர்த்துவதே இல்லை. இடுப்புக்குக் கீழே தொடையிலிருந்து முழங்கால் தாண்டி வரைக்கும் மட்டும், பருத்தித் துணியில் தைத்த சின்னப் போர்வை. மேல் உடம்புக்கு ஃபேன் காற்று நேராகப் படும். பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கண் சொருகும்போது காலாலேயே கீழே தள்ளிவிடுவேன். மார்கழி, தை மாதங்களில் மட்டும் விடியும்வரை மேலேயே கிடக்கும்.

எடைக்கு, உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு என்பார்கள். உனக்கு 6 கிலோ கிட்டே வரும். அது விற்பவர்களும் சிகிச்சையாளர்களும் பழக்கத்தில் வைத்திருக்கிற கணக்கு, கட்டாயம் இல்லை. காலுக்கு மட்டும் என்றால் 3, 4 கிலோ போதும். ப்ரீகாபலினே மயக்கம் தரும் மாத்திரை. அரைத்தூக்கத்தில் உன்னால் ஒரு கையால் தள்ள முடியாத எதையும் மேலே போடாதே.

அம்மாவுக்கு வேண்டாம். கண்டிப்பாக வேண்டாம். சர்க்கரை, பாத எரிச்சல் என்றால் நரம்பு பாதிப்பு இருக்கலாம். சிலருக்குப் பெட்ஷீட் பட்டாலே எரியும், சிலருக்குக் குதிகாலில் அழுத்தம் விழுவதே உறைக்காது, புண்ணாகிவிடும். அவருக்குத் தேவை பாதப் பரிசோதனை. சர்க்கரை டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டச் சொல். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற குறட்டைக்காரர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், காலில் ரத்தக் கட்டி வந்தவர்கள், இவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

5,500 ரூபாயை இப்போதே போடாதே. வீட்டில் பவானி ஜமக்காளம் இருக்கிறதா? நாலாக மடித்துத் தொடை மேல் போட்டுச் சில நாள் படுத்துப் பார். ஃபைப்ரோமயால்ஜியாவில் தொட்டாலே வலிக்கிற இடங்கள் இருக்கும், உனக்கு எங்கே கனம் தாங்குகிறது, எங்கே தாங்கவில்லை என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும்.

வியாசர்பாடி அம்மா

குழந்தை பக்கத்தில் படுக்கும் என்று எழுதியிருந்தீர்களே, அதற்காக மட்டும் வந்தேன். என் மகனுக்கு ஆட்டிசம். தெரபிஸ்ட் சொல்லி உட்கார்ந்திருக்கும்போது மடியில் வைக்கும் சின்னக் கனப்பை மட்டும் வைத்திருக்கிறோம், அதுவும் நாங்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான். ராத்திரிக்குக் கிடையாது. இங்கிலாந்தில் ஆட்டிசம் உள்ள 67 பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2014இல் வந்தது. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கனமான போர்வை பிடித்திருந்தது, ஆனால் தூங்கும் நேரம் கூடவில்லை. கைக்குழந்தைகளுக்குக் கனமான எதையும் போர்த்தவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. இரண்டு வயதுப் பிள்ளை முகத்தின் மேல் அது சரிந்தால் தானாக விலக்கிக்கொள்ள முடியாது. நீங்கள் அதைப் போர்த்தும் ராத்திரிகளில் குழந்தை வேறு பாயில் படுக்கட்டும் அக்கா. தயவுசெய்து இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கலா, காலடிப்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. நர்ஸம்மா எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் அன்றைக்குத் தண்ணீர்க் குடத்தை அவரே மாடிக்குத் தூக்கி வந்தார்.

ஜமக்காளத்தை வைத்துப் பார்த்தேன். தொடையில் போட்டால் சுகமாக இருக்கிறது, கால் ஓரிடத்தில் நிற்கிறது. தோளில் போட்டால் அந்த நிமிடமே எடுக்கத் தோன்றுகிறது. வலி அதே வலிதான். ஆனால் முன்பைவிடச் சீக்கிரம் கண் அசருகிறது. காலுக்கு மட்டும் என்றால் நானே தைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். உள்ளே என்ன போடுவது? அரிசி போடலாமா?

ராயபுரம் நர்ஸம்மா

அரிசி, பயறு எதுவும் வேண்டாம் கலா. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், வண்டு வரும், துவைக்கவும் முடியாது. கண்ணாடி மணிதான் நல்லது. ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு, சர்க்கரை மாதிரிப் பொடியாக இருக்கும். பிளாஸ்டிக் மணியைவிட அடர்த்தி அதிகம், அதனால் போர்வை தடிமனாகாது, சத்தமும் வராது.

என்னுடையதன் கணக்கைச் சொல்கிறேன். நீளம் 120 சென்டிமீட்டர், அகலம் 90. அதில் 15க்கு 15 கட்டம் போட்டால் 48 கட்டம். கட்டத்துக்கு 75 கிராம் மணி, மொத்தம் 3.6 கிலோ. துணியோடு சேர்ந்து 4 கிலோ வரும். கட்டம் இல்லாமல் தைத்தால் மணி எல்லாம் ஒரு மூலைக்குப் போய்க் குவிந்துவிடும். இரண்டு துணியைச் சேர்த்து முதலில் நீளவாக்கில் ஆறு குழாயாகத் தைத்துக்கொள், அடிப்பக்கம் மூடியிருக்கட்டும். ஒவ்வொரு குழாயிலும் 75 கிராம் போட்டு, கீழே தட்டி இறக்கி, குறுக்கே ஒரு தையல். அப்படியே எட்டு வரிசை. மணி ஊசிக்கு அடியில் மாட்டினால் ஊசி உடைந்து தெறிக்கும், கண்ணைப் பார்த்துக்கொள். மணி தரையில் சிந்தினால் வழுக்கும், குழந்தை வாயில் போடும், அதனால் குழந்தை வீட்டில் இல்லாத நேரத்தில் செய்.

இதற்கு மேல் நாடா கட்டிய உறை ஒன்று தனியாகப் போட்டுவிடு. வாராவாரம் உறையை மட்டும் துவைத்தால் போதும்.

இன்னொன்று. போர்வை கிடைத்தது என்று நடப்பதை விட்டுவிடாதே. ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவர்கள் 2016இல் ஃபைப்ரோமயால்ஜியா சிகிச்சைகளை எல்லாம் அலசியபோது, அழுத்தமாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். காலையில் வெயில் ஏறுவதற்குள் தேரடி வரை போய்வா. மெதுவாக ஆரம்பி, மறுநாள் வலி கூடாத அளவுக்கு மட்டும் தூரத்தைக் கூட்டு. மாத்திரையை நீயாக நிறுத்தாதே.

கலா, காலடிப்பேட்டை

சரிங்கம்மா. உள்ளே இரண்டு அடுக்குக் காடாத் துணி, வெளியே பாப்ளின் உறை என்று முடிவு செய்திருக்கிறேன். காடா சுருங்கும், அதனால் வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயப்போட்டுவிடுவேன். ஊசி 16ஆம் நம்பர் போட்டு, நெருக்கமான தையலாக ஒவ்வொரு கோட்டையும் இரண்டு தடவை ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எம்.சி. ரோட்டில் கூட்டமாக இருக்கும், செவ்வாய்க்கிழமை போய்த் துணி எடுக்கிறேன். அம்மாவை சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப் போவதும் அதே வாரத்தில்தான்.