கதிர்காமப் பாதயாத்திரை: முன்பாத எரிவுக்கும் விரல் நோவுக்கும் என்ன செய்யலாம்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். இந்த முறை வெருகல் முருகன் கோயிலடியில் யாத்திரைக் குழுவோடு சேர்ந்து கதிர்காமம் வரை நடக்க அம்மாவும் நானும் நேர்ந்திருக்கிறோம். அதற்காக விடியற்காலையில் உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பக்கம் நடந்து பழகுகிறோம்.

எனக்கு வலது காலில் மூன்றாம், நாலாம் விரல்களுக்கு இடையில் எரிவு. கொஞ்சத் தூரம் போனதும் சப்பாத்துக்குள் கூழாங்கல் கிடப்பது போல இருக்கும், பிறகு விரல் விறைக்கும். சப்பாத்தைக் கழற்றித் தேய்த்தால் அடங்கிவிடும். விரல்களுக்குப் போகும் நரம்பு நெரிபட்டுத் தடித்தால் இப்படி வருமாம், ‘மோர்ட்டன் நியூரோமா’ என்று வைத்தியர் சொன்னார். முன்பக்கம் அகலமான சப்பாத்து, முன்பாதத்துக்குச் சற்றுப் பின்னால் மெத்தை வைக்கச் சொன்னார். திருகோணமலை டவுனில் அந்த மெத்தை எங்கே கிடைக்கும்? மட்டக்களப்பில் என்றாலும் பரவாயில்லை.

இன்னொன்று, கோணேசர் கோயில் இறக்கத்தில் பெருவிரல் முன்னால் இடித்து நகம் கறுத்துவிட்டது. கணுக்காலடியில் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டியதும் இடிப்பது குறைந்தது. இறக்கத்தில் நோகிறவர்கள் இதைச் செய்து பாருங்கள்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். அவவோ வெறுங்காலோடுதான் நடப்பேன் என்று நிற்கிறா. உகந்தை தாண்டினால் குமண, யால காட்டு மணல் எப்படிச் சுடும் என்று போனவர்களுக்குத் தெரியும். சீனி உள்ளவர்களுக்குக் கால் உணர்ச்சி குறைந்தால் கொப்புளம் வந்தாலும் தெரியாது. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

சீனி வருத்தத்தோடு நடந்து முடித்தவர்கள் இருக்கிறீர்களா? காலில் என்ன போட்டீர்கள், இரவில் காலை எப்படிப் பார்த்தீர்கள், தயவுசெய்து சொல்லுங்கள்.