‘கிரைண்டிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

அன்புடையீர்,
காணொளி விளையாட்டுகளின் நிறைகுறைகளைப் பேசும் கட்டுரைத் தொகுப்பொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பாத்திரத்தின் நிலையை உயர்த்தவோ பொருள் சேர்க்கவோ ஒரே வகைப் பகைவரைத் திரும்பத் திரும்ப வீழ்த்திக்கொண்டிருக்கும் ‘கிரைண்டிங்’ என்பதற்கு மட்டும் சொல் அமையவில்லை. ‘அரைப்பு’ எனலாமா?

மறுமொழி:
வேண்டாம். ‘அரைத்த மாவையே அரைத்தல்’ என்னும் தொடர் நம் காதில் ஒலித்துக்கொண்டே இருப்பதால், அச்சொல் விளையாட்டை விவரிக்கும் முன்பே பழித்துவிடும். பழிப்பது கட்டுரையாளரின் வேலை. 1986-இல் வந்த முதல் டிராகன் குவெஸ்டில் இவ்வுழைப்பே விளையாட்டின் உடல். முன்பு நம்மைச் சாய்த்த பகையை ஒரே வீச்சில் சாய்க்கும் நிறைவை அதுவே தருகிறது. 2017-இன் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2-இலோ அதுவே சுமையாயிற்று: டார்த் வேடர் என்னும் பாத்திரத்தைத் திறக்க, ஆடி ஈட்டும் விளையாட்டுப் பணமான கிரெடிட் 60,000 கேட்டவர்கள், ஆடுவோர் கொதித்தெழுந்த பின் அதை 15,000 ஆகக் குறைத்தார்கள். இரண்டுக்கும் பொருந்த ‘மீளாட்டம்’ என்க. மீள் + ஆட்டம், வினைத்தொகை. ‘மீளா’ என்னும் எதிர்மறையாக மயங்குவார்களே என்று அஞ்ச வேண்டியதில்லை. அது நன்னூல் விதிப்படி ‘மீளாவாட்டம்’ என்றே புணரும்.

மறுமொழி:
புணர்ச்சி சரி, பொருள்தான் சரியில்லை. செலஸ்டி (2018) என்னும் மலையேறும் விளையாட்டில் ஒரே பாறையில் எண்ணற்ற முறை வீழ்கிறோம், ஆனால் அனுபவப் புள்ளி என்பதே அங்கில்லை. தேர்ச்சி பெறுவது ஆடுபவரின் கை. டிராகன் குவெஸ்டில் ஏறுவது பாத்திரத்தின் நிலையெண். விமரிசகர் ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றைக் குறைகூறுவதே இந்த வேறுபாட்டால்தான் என்றிருக்க, இரண்டையும் ‘மீளாட்டம்’ என்பது எதற்குப் பயன்படும்? ‘ஈட்டுழைப்பு’ என்பது என் முன்மொழிவு.

மறுமொழி:
‘அரைப்பை’ அத்தனை விரைவில் தள்ளிவிட்டீர்கள். அரைத்ததைச் சலிக்க வேண்டுமல்லவா? டியாப்லோவில் பகைவர் உதிர்க்கும் ஆயுதக் குவியலிலிருந்து உருப்படியான ஒன்றைத் தேர்வது சலித்தல். அதையே நள்ளிரவு வரை செய்தால் வருவதும் சலிப்பு. இருபொருளும் ஒருங்கே நிற்கும் ‘சலிப்பாட்டம்’ போல் வேறேது? சல்லடையின் சலித்தலும் மனச் சலிப்பும் ஒரே வேரினவா என்று தனி மடல் எழுதுகிறேன்.

மறுமொழி:
அம்மடல் வெள்ளிக்குப் பின் வரட்டும். ஆடுவோர் அனைவரும் ‘கிரைண்டிங்’ என்றே சொல்கிறார்கள். வடசொல்லுக்கே வழிவிட்ட தொல்காப்பிய எச்சவியல் இதற்கு மட்டும் கதவடைக்குமா? ‘ஈட்டுழைப்பு’ என்பதைப் படிப்பவர் தொழிலாளர் சட்டம் பற்றிய கட்டுரை என்றல்லவா எண்ணுவார்!

மறுமொழி:
விளையாட்டு வேலையாகிவிட்டது என்பதுதானே ஆடுவோரின் முறையீடு? அந்தச் சாயல் இருக்கட்டும். தூய்மைக்காக அன்று, பொருள் வேறுபாட்டுக்காகவே கேட்கிறேன்.

அன்புடையீர்,
மற்றவர்கள் எழுதாமையை இசைவாகக் கொண்டு ‘ஈட்டுழைப்பு’ என்றே எழுதுகிறேன். முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘கிரைண்டிங் எனப்படும் ஈட்டுழைப்பு’ என்றிருக்கும்.

மறுமொழி:
மீளாட்டக்காரனின் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஹேடிஸில் (2020) இறந்து திரும்புந்தோறும் பாத்திரத்தின் வலிமையைக் கூட்டலாம், கதையும் நகர்கிறது, ஆடுபவரின் கையும் தேர்கிறது. தொகுப்பில் அதைப் பற்றிய கட்டுரை இருந்தால் அங்கே என்ன எழுதப்போகிறீர்கள்?