டொராண்டோ டவுன்டவுனில் நல்ல ஹாட் சாக்லேட் எங்கே கிடைக்கும்?

வணக்கம். ஜனவரி கடைசியில் அக்காவும் அவள் மகளும் ஊரிலிருந்து வருகிறார்கள், யூனியன் ஸ்டேஷன் பக்கத்தில் மூன்று நாள் தங்கல். சின்னவளுக்குச் சாக்லேட் என்றால் உயிர், அந்தக் குளிரில் அவள் கையில் நல்ல ஹாட் சாக்லேட் ஒன்றைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று இருக்கிறேன். வெந்நீரில் பொடி கலக்கித் தருவது வேண்டாம். போன வாரம் ஒரு காபிக் கடையில் அப்படித்தான் தந்தார்கள், பாதியிலேயே வைத்துவிட்டேன். நிஜச் சாக்லேட்டைப் பாலில் உருக்கி, கூழ் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்தது டிஸ்டில்லரி டிஸ்ட்ரிக்டில் உள்ள சோமா மட்டும்தான். கொக்கோ விதையை அவர்களே வறுத்து அரைக்கிறார்கள், மிளகாய் போட்ட மாயன் ஹாட் சாக்லேட் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் காரம் ஒத்துவருமா? யூனியனிலிருந்து அங்கே நடக்க அரை மணி நேரம் ஆகிவிடும் என்பதும் கவலை.

பாத் சுரங்க நடைபாதை வழியாகவே போகிற மாதிரி கடை இருந்தால் சொல்லுங்கள். அப்புறம் அம்மாவுக்குக் கொடுத்தனுப்ப 70 சதவீத டார்க் சாக்லேட், பால் துளிகூடச் சேராதது, எங்கே வாங்கலாம்?