தேர்தல் இரவில் முடிவைச் சொல்பவர் வேட்பாளரின் அத்தை மகனாக இருந்தால்?

தென்கரை வாசகன் (கேள்வி):
அமெரிக்க அதிபர் தேர்தலில் வாக்குகள் எண்ணிக்கொண்டிருந்த 2000ஆம் ஆண்டு நவம்பர் 8 அதிகாலை 2.16 மணிக்கு, அதிபர் யார் என்பதையே தீர்மானிக்கவிருந்த ஃபுளோரிடா மாநிலம் ஜார்ஜ் புஷ்ஷுக்கே என்று முதலில் அறிவித்தது ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சி. அன்றிரவு அங்கே, எண்ணிக்கை முடியும் முன்பே வெற்றியாளரைக் கணித்து அறிவிக்கும் முடிவுப் பிரிவுக்குத் தலைமை வகித்த ஜான் எல்லிஸ், புஷ்ஷின் அத்தை மகன். ஃபுளோரிடாவின் ஆளுநராக அப்போது இருந்தவரோ புஷ்ஷின் தம்பி ஜெப். அடுத்த நான்கு நிமிடங்களுக்குள் என்.பி.சி., சி.பி.எஸ்., சி.என்.என்., ஏ.பி.சி. ஆகிய நான்கு தொலைக்காட்சிகளும் அதையே சொல்லிவிட்டு, விடிவதற்குள் திரும்பப் பெற்றுக்கொண்டன. பிழைக்குக் காரணம் உறவா, எண்களா? எண்கள்தாம் என்றால், எல்லிஸ் அந்த நாற்காலியில் அமர்ந்ததில் தவறில்லை என்று கொள்ளலாமா?

கணக்கன்:
எண்கள்தாம், ஐயா. ஐந்து தொலைக்காட்சிகளும் ஏ.பி. செய்தி நிறுவனமும் கூட்டாக நடத்திய வி.என்.எஸ். என்ற அமைப்பிலிருந்தே எல்லோருக்கும் தரவு வந்தது. வொலூசியா மாவட்டத்தில் ஒரே ஒரு வாக்குச்சாவடியின் கணக்கில், புஷ்ஷை எதிர்த்து நின்ற அல் கோருக்குக் கழித்தல் 16,022 வாக்குகள் என்று பதிவாகியிருந்தது. ஒரு வேட்பாளருக்கு வாக்கு குறையவும் கூடுமா என்று எந்தத் திரையின் முன்னாலும் யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் புஷ்ஷின் முன்னிலை ஏறத்தாழ 51,000 என்று காட்டியது. கடைசியில் அது 537 வாக்குகளில் வந்து நின்றது. அன்று மாலையே, ஃபுளோரிடாவின் மேற்குக் கோடியில் வாக்குப்பதிவு முடியும் தறுவாயில், இதே தொலைக்காட்சிகள் மாநிலத்தைக் கோருக்குக் கொடுத்து, இரவு பத்து மணியளவில் பிடுங்கிக்கொண்டன. ஃபாக்ஸும் அதில் சேர்த்தி. அத்தை மகன் உள்ளே இருந்தும் மாலைப் பிழை எதிர்த்தரப்புக்கே சாதகமாகத்தானே போயிற்று?

மறுபார்வை:
கணக்கன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். அதே தரவைப் பார்த்துக்கொண்டிருந்த ஏ.பி., அதிகாலையில் புஷ்ஷை வெற்றியாளராக அறிவிக்கவில்லை, வி.என்.எஸ். அமைப்பும் அறிவிக்கவில்லை. ஆகவே எண் தானாக வாய் திறந்து பேசவில்லை. போதும், சொல்லிவிடலாம் என்று ஒருவர் முடிவெடுத்தார், மற்றவர்கள் பின்தங்கிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் தொடர்ந்தார்கள். அந்த முதல் ஆள், இரவு முழுவதும் புஷ் சகோதரர்களுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர் என்பதை எல்லிஸே பின்னர் மறைக்காமல் சொன்னார். வி.என்.எஸ். தரவு முறைகேடாக வெளியே போகவில்லை என்று தமது விசாரணைக்குப் பிறகு ஃபாக்ஸ் கூறியது. 2001 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்த ஃபாக்ஸ் தலைவர் ராஜர் ஐல்ஸ், அந்த உரையாடல்களை நல்ல செய்தியாளர் உயர்மட்ட வட்டாரங்களோடு பேசியதாகவே கருதுவதாகச் சொன்னார். எனக்கு வியப்பளிப்பது வேறொன்று: முந்தைய ஆண்டில், பாஸ்டன் குளோப் நாளிதழில் பத்தி எழுதிவந்த இதே எல்லிஸ், தம் உறவினர் போட்டியிடும் தேர்தலைப் பற்றி நடுநிலையோடு எழுத இயலாது என்று சொல்லி விலகியிருக்கிறார். பத்தி எழுதவே தகாது என்று தாமே உணர்ந்த ஒருவர், முடிவை அறிவிக்க எப்படித் தகுந்தவரானார்?

கெட்ட எண்ணம் இருந்ததென்று நிறுவ வேண்டிய தேவையே இல்லை. தகப்பனார் நேர்மையானவர் என்பதற்காக, மகன் எழுதிய விடைத்தாளை அவரிடமே திருத்தக் கொடுப்பதுண்டா?

தென்கரை வாசகன்:
விடைத்தாள் உவமை பொருந்துகிறது. அந்த அறிவிப்பை நம்பித்தான் கோர் தொலைபேசியில் தோல்வியை ஒப்புக்கொண்டு, நாஷ்வில்லில் உரையாற்றக் கிளம்பிவிட்டு, சற்று நேரத்தில் மீண்டும் அழைத்து அதைத் திரும்பப் பெற்றார் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். மறுஎண்ணிக்கை நடந்த அடுத்த ஐந்து வாரங்களிலும் அவரைத் தோற்ற பிறகு வம்பு செய்பவராகக் காட்ட அது உதவியது என்றே நினைக்கிறேன்.

ஊர்க்குருவி:
தாமதமாக வருகிறேன். உறவு மட்டும்தான் நலன் முரணா? 2020 அதிபர் தேர்தலில் இதே ஃபாக்ஸின் முடிவுப் பிரிவு, இரவு 11.20க்கு அரிசோனா மாநிலம் டிரம்ப்பை எதிர்த்த பைடனுக்கு என்று மற்றவர்களுக்கு முன்பே அறிவித்தது. 10,457 வாக்கு வித்தியாசத்தில் அது சரியாகவும் அமைந்தது. அவ்வளவு குறைந்த வித்தியாசத்துக்கு அவசரம் காட்டினார்கள் என்ற குறையை மறுக்கவில்லை. ஆனால் டிரம்ப்பை ஆதரித்த நேயர்கள் கொதித்தார்கள், அலுவலகத்துக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. அந்த முடிவைத் திரையில் நியாயப்படுத்திய ஃபாக்ஸின் அரசியல் ஆசிரியர் கிறிஸ் ஸ்டையர்வால்ட் 2021 ஜனவரியில் வேலையிழந்தார். பின்னர், தேர்தலில் மோசடி செய்ததாகத் தன்மீது பொய்ப்பழி ஒளிபரப்பியதற்காக வாக்கு இயந்திர நிறுவனமான டொமினியன் ஃபாக்ஸ் மீது தொடுத்த அவதூறு வழக்கில் வெளியான உள்மடல்கள், நேயர்கள் போட்டித் தொலைக்காட்சிக்குப் போய்விடுவார்களே என்ற அச்சம் மேலிடம் வரை பரவியிருந்ததைக் காட்டின. 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள்.

நம் ஊரில் கட்சித் தொலைக்காட்சி எது என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும்; வாக்கு எண்ணும் நாளில் அதற்குரிய தள்ளுபடியோடு பார்க்கிறோம். எல்லிஸ் யார் என்பதை ஃபாக்ஸ் அந்த அதிகாலை 2.16க்குத் திரையில் ஒரு வரி போட்டுச் சொல்லியிருந்தால், மற்ற நான்கு நிறுவனங்களும் நான்கு நிமிடத்தில் பின்தொடர்ந்திருக்குமா என்பதுதான் என் ஐயம்.