ஆற்றல் வெளிப்பாடு நேர்க்குறியாக வந்தால் அணுக்கரு சிதைந்தே தீருமா?

கேள்வி

யுரேனியம்-238 எந்த வழியில் சிதையும் என்பதை நிறைகளைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். அதன் அணு நிறை 238.050788 அலகு. தோரியம்-234 (234.043601), ஹீலியம்-4 (4.002603) இரண்டையும் கழித்தால் 0.004584 அலகு மிஞ்சுகிறது. அந்த நிறையை ஆற்றலாக மாற்றினால், ஹீலியம்-4 அணுக்கரு வெளியேறும் ஆல்பா சிதைவில் 4.27 மெகா எலக்ட்ரான் வோல்ட் வெளிப்பட வேண்டும். புரோட்டான் வெளியேறுவதாகக் கொண்டாலோ ஏறத்தாழ −7.6 வருகிறது. இந்தக் குறியை மட்டும் வைத்து "நடக்கும்", "நடக்காது" என்று தீர்மானித்துவிடலாமா? பெரிலியம்-7 அணு லித்தியம்-7 அணுவைவிட 0.862 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குக் கனமானது. இருந்தும் அது பாசிட்ரானை (நேர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரானை) வெளியிடுவதில்லை என்று படித்தேன். விதி அங்கே ஏன் பொய்த்துப்போகிறது?

பதில் 1

எதிர்க்குறி வந்தால் முடிவு உறுதியானது: அடிநிலையில் இருக்கும் தனித்த அணுக்கரு அந்த வழியில் தானாகச் சிதையவே முடியாது. நேர்க்குறி தருவது அனுமதி மட்டுமே; எவ்வளவு விரைவில் நடக்கும் என்பதை அது சொல்லாது. ஆல்பா துகள் வெளியேற வேண்டுமானால் தன் ஆற்றலைவிடப் பல மடங்கு உயர்ந்த மின்விலக்குத் தடையைக் குவாண்டம் ஊடுருவல் (தடையைத் தாண்டப் போதிய ஆற்றல் இல்லாமலே மறுபுறம் செல்வது) மூலம் கடந்தாக வேண்டும் என்பதை இயற்பியலாளர் காமாவ் 1928-இல் விளக்கினார். அதே ஆண்டில் கர்னியும் காண்டனும் தனியாக இதே விளக்கத்தை எட்டினர். அந்த ஊடுருவல் வாய்ப்பு ஆற்றலைப் பொறுத்து எப்படித் தாவுகிறது என்று பாருங்கள். 4.08 மெகா எலக்ட்ரான் வோல்ட் வெளிப்படும் தோரியம்-232 இன் அரை ஆயுட்காலம் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) சுமார் 1,400 கோடி ஆண்டுகள், 8.95 வெளிப்படும் பொலோனியம்-212 க்கோ வெறும் 0.3 மைக்ரோ வினாடி. ஆற்றல் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டியதற்கு இத்தனை வேறுபாடு! பிஸ்மத்-209 க்கும் விடை நேர்க்குறிதான், 3.14. ஆனால் அதன் சிதைவு 2003-இல்தான் பிரான்சில் பதிவு செய்யப்பட்டது. அரை ஆயுட்காலம் சுமார் 2 × 10¹⁹ ஆண்டுகள்.

பதில் 2

பெரிலியம்-7 இல் விதி பொய்க்கவில்லை. எலக்ட்ரான்களை எண்ணும் இடத்தில்தான் சிக்கல். அட்டவணையில் இருப்பவை அணுக்கரு நிறைகள் அல்ல, எலக்ட்ரான்களையும் சேர்த்த அணு நிறைகள். பெரிலியம் அணுவில் நான்கு எலக்ட்ரான்கள், லித்தியம் அணுவில் மூன்று. பாசிட்ரான் வெளியேறினால் ஓர் எலக்ட்ரான் மிகையாக நிற்கும், பாசிட்ரானும் புதிதாக உருவாகியிருக்கும். இந்த இரண்டுக்கும் சேர்த்து 1.022 மெகா எலக்ட்ரான் வோல்ட் தேவை. கையில் இருப்பது 0.862 மட்டுமே என்பதால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. எலக்ட்ரான் கவர்வில் (அணுக்கரு தன் அணுவின் எலக்ட்ரான் ஒன்றை உள்ளிழுப்பதில்) இந்தச் செலவு இல்லாததால், பெரிலியம்-7 அந்த வழியில் சுமார் 53 நாள் அரை ஆயுட்காலத்துடன் சிதைகிறது. எலக்ட்ரான்கள் முழுவதும் உரிக்கப்பட்ட நிலையில் காஸ்மிக் கதிர்களில் பயணிக்கும் பெரிலியம்-7 க்குக் கவர எலக்ட்ரானே இல்லை. ஆகவே அது சிதையாமல் நிலைத்திருக்கிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த செய்தி இது.

கேட்டவர்

மிக்க நன்றி. இன்னும் ஓர் ஐயம்: நியூட்ரானைவிடப் புரோட்டான் இலேசானது என்னும்போது, பாசிட்ரான் சிதைவில் புரோட்டான் நியூட்ரானாக மாறுவதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

பதில் 2 எழுதியவர்

அணுக்கருவின் பிணைப்பாற்றலிலிருந்து வருகிறது. தனித்த புரோட்டானுக்கு அந்த வழி இல்லை; தனித்த நியூட்ரானோ 0.782 மெகா எலக்ட்ரான் வோல்டை வெளிவிட்டுப் புரோட்டானாக மாறும். அணுக்கருவுக்குள் இருக்கும்போது ஒரு துகளைத் தனியே எடைபோடக் கூடாது. சிதைவுக்கு முன்னும் பின்னும் உள்ள முழு அமைப்பின் நிறையைத்தான் ஒப்பிட வேண்டும். ஃபுளோரின்-18 அணு, ஆக்சிஜன்-18 அணுவைவிட 1.656 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குக் கனமானது. அதில் 1.022 போக மிஞ்சுவது 0.634, அதிலிருந்து வெளிவரும் பாசிட்ரானுக்கு அளந்து கண்ட உச்ச ஆற்றலும் அதுவே.